மினி டிராக்டரில் பேட்டரியை அசையாமல் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய 15 முதல் 28 குதிரைத்திறன் மினி டிராக்டர்களில் பேட்டரியைப் பிடித்து நிறுத்தும் பட்டையும் கொக்கி போல்ட்டும் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அந்த இடத்தில் ஒரு கயிறோ, டியூப் துண்டோ இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு பேட்டரி வாங்குகிறவர்களின் சந்தேகங்கள் அநேகமாக ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

"பேட்டரியே பதினஞ்சு கிலோ கனம் இருக்கு. அது எங்க நகரப்போகுது? கட்டியே ஆகணுமா?"

கட்டியே ஆக வேண்டும். நின்ற இடத்தில் 15 கிலோ கனம் பேட்டரியை நகரவிடாது. சக்கரம் வரப்பிலிருந்து இறங்கிக் குதிக்கும்போதோ, அதே கனம்தான் அதைத் தூக்கி அடிக்கும். பெரும்பாலான மினி டிராக்டர்களில் முன்பக்கம் ஸ்பிரிங் கிடையாது. டயர் வாங்கும் அடி அப்படியே ஆக்சில் வழியாக முன் சட்டத்துக்கு ஏறும். பல மாடல்களில் பேட்டரி உட்கார்ந்திருப்பதும் அங்கேதான், ரேடியேட்டருக்கு முன்னால், பானட்டுக்கு அடியில்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் இதன் அருமை புரியும். 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் பிளேட் எனப்படும் ஈயச் சட்டத்தில் அப்பிய பசைதான் மின்சாரத்தைச் சேமிக்கிறது. பேட்டரி தான் உட்கார்ந்திருக்கும் இரும்புத் தட்டில் குதித்துக்கொண்டே இருந்தால் அந்தப் பசை உதிர்ந்து அறையின் அடியில் சேறாகப் படியும். படிவு பிளேட்டின் கால்வரை ஏறியதும் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகி ஓர் அறை செத்துப்போகும். ஒரு அறை போனால் மீட்டர் 10.5 வோல்ட் அளவில் நின்றுவிடும், எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. "திடீர்னு செத்துப்போச்சு" என்று கொண்டுவரப்படும் பேட்டரிகளில் பல இப்படிக் குலுங்கிச் செத்தவை.

பாதுகாப்பும் இதில் இருக்கிறது. பேட்டரி ஒருபக்கம் சாய்ந்து பிளஸ் முனை பானட் தகட்டைத் தொட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். செல்ஃப் மோட்டாருக்குப் போகும் பெரிய கேபிளில் பழைய டிராக்டர்களில் பொதுவாக ஃபியூஸ் கிடையாது. பக்கத்திலேயே டீசல் குழாய் ஓடுகிறது.

"எங்க வண்டியில இறுக்கமாத்தான் இருக்குன்னு நினைக்கிறேன். எப்படிப் பாக்குறது?"

பேட்டரிப் பெட்டியின் இரு பக்கத்தையும் கையால் பிடித்து முன்பின்னாக ஆட்டுங்கள். முனைகளைப் பிடித்து ஆட்டக் கூடாது. சரியாகப் பொருத்திய பேட்டரி தனியாக ஆடாது, வண்டியின் முன்பக்கமே சேர்ந்து அசையும். பிறகு மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் எழும்பினாலும் அது பொருத்தப்பட்ட பேட்டரி அல்ல, தட்டில் வைத்த பேட்டரிதான்.

கண்ணுக்குத் தெரியும் தடயங்களும் உண்டு. தட்டில் பெயின்ட் தேய்ந்து பளபளக்கும் கோடு, பேட்டரியின் அடி மூலைகளில் தேய்மானம், ஒரு பக்கம் மட்டும் ஈரம், ஒரு முனையைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பூப்பு. பள்ளத்தில் இறங்கும்போது முன்னால் 'டொக்' என்று சத்தம் கேட்டாலும் முதலில் இங்கே பாருங்கள்.

"கயிறு போட்டு இறுக்கிக் கட்டினா போதாதா? டியூப் வெட்டிக் கட்டுறாங்களே?"

டியூப் பட்டை இழுபடும். அதனால் கட்டும்போது இறுக்கமாகத் தெரிந்தாலும் வண்டி குதிக்கையில் பேட்டரியும் எழும்பி எழும்பி உட்காரும். உள்ளே பசை உதிர்வது அப்படியே தொடரும். கட்டுக்கம்பியை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். அறுந்த முனை பிளஸ்மேல் விழுந்தால் கம்பி பழுக்கச் சிவந்துவிடும். தேங்காய் நார்க் கயிறும் சாக்கும் ஆசிட்டை உறிஞ்சி வைத்துக்கொண்டு தட்டை அரிக்கும்.

நைலான் கயிறும் பிளாஸ்டிக் டையும் பலமாகத் தெரிந்தாலும், நைலானுக்கு ஆசிட் ஆகாது. பேட்டரியில் இருப்பது கந்தக அமிலம். அது பட்ட இடத்தில் நைலான் நொறுங்கி ஒருநாள் சொல்லாமல் அறும். அவசரத்துக்கு ஒருநாள் ஓட்டியாக வேண்டும் என்றால், லாரியில் சரக்குக் கட்டும் பாலியஸ்டர் பட்டையை ராட்செட்டோடு போடுங்கள். அதன் இரும்புப் பகுதி முனைகளுக்கு எட்டாமல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். நிரந்தர வழி கொக்கி போல்ட்டும் மேல் பட்டையும்தான்.

"வேலை ஆரம்பிக்கும் முன்னாடி எந்த வயரை முதல்ல கழட்டணும்?"

மைனஸ் முதலில். மாட்டும்போது அது கடைசியில். மைனஸ் கேபிள் வண்டியின் உடம்போடு இணைந்திருக்கிறது. பிளஸ்ஸை முதலில் கழற்றப்போனால் ஸ்பேனரின் மறுமுனை எங்கேயாவது இரும்பில் பட்டதும் முழு மின்சாரமும் ஸ்பேனர் வழியாகப் பாயும். மைனஸ்ஸை எடுத்துவிட்டால் அந்தப் பாதையே இல்லை. மிகப் பழைய சில வெளிநாட்டு டிராக்டர்களில் பிளஸ் முனை உடம்போடு இணைந்திருக்கும். அங்கே பிளஸ்ஸை முதலில் கழற்ற வேண்டும். எதுவானாலும் உடம்புக்குப் போகும் கேபிள்தான் முதலில் கழலும், கடைசியில் ஏறும்.

கைக்கடிகாரம், மோதிரம், வளையல், காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பொறிக்கு வெடிக்கும். பீடி சிகரெட் பக்கத்திலேயே வேண்டாம். ஆசிட் கண்ணிலோ தோலிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கண் என்றால் கழுவிய கையோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

"பேட்டரியை எடுத்துப் பாத்தா தட்டு துருப்பிடிச்சு ஓட்டையா இருக்கு. புதுசு வாங்கணுமா?"

ஊசியால் குத்திப் பாருங்கள். மேலாக மட்டும் துரு என்றால் காப்பாற்றலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றினால் ஆசிட் இருக்கும் இடமெல்லாம் நுரைக்கும். நுரை அடங்கும்வரை ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். இதைப் பேட்டரி இல்லாத தட்டில் செய்யுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரி அறைக்குள் ஒரு சொட்டுப் போனாலும் கெடுதல். காய்ந்ததும் ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து விட்டுவிட்டால் சீக்கிரம் மறுபடி துரு வரும், அது ஆசிட்டைத் தாங்காது. இரண்டு டப்பாவாக வரும் எபாக்ஸி பெயின்ட்டை இரண்டு கோட் அடியுங்கள்.

ஓட்டை விழுந்துவிட்டாலோ, கொக்கி மாட்டும் காது அரித்துப்போயிருந்தாலோ ஒட்டுப்போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். வெல்டிங் பட்டறையில் 3 மி.மீ. தகட்டில் புதிய தட்டு செய்துவிடலாம். பேட்டரியின் அடி அளவைவிட நீளத்திலும் அகலத்திலும் 5 முதல் 6 மி.மீ. கூடுதல், சுற்றிலும் 20 முதல் 25 மி.மீ. உயர விளிம்பு, இரண்டு மூலைகளில் 8 மி.மீ. வடிகால் துளை. விளிம்பு பேட்டரியைப் பக்கவாட்டில் நகரவிடாது, பட்டை மேலே எழும்பவிடாது. இரண்டு வேலையையும் பட்டை ஒன்றே செய்யும் என்று நினைப்பது தவறு. வடிகால் சொட்டுவது வயர்மேலோ ரேடியேட்டர் ஹோஸ்மேலோ விழாதபடி இடம் பார்த்துத் துளையிடச் சொல்லுங்கள்.

"தட்டுல அப்படியே வைக்கலாமா, அடியில ஏதாவது விரிக்கணுமா?"

3 முதல் 5 மி.மீ. கனமுள்ள ரப்பர் பாய் ஒன்று போடுங்கள். நியோப்ரீன் அல்லது இபிடிஎம் ரப்பர் ஆசிட்டைத் தாங்கும். வடிகால் துளைக்கு நேராகப் பாயிலும் ஓட்டை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆசிட் அடியில் தேங்கும். சின்ன ஒரு கல்லோ வெல்டிங் பொட்டோ தட்டில் இருந்தால் பேட்டரியின் முழு எடையும் அந்தப் புள்ளியில் நின்று நாளடைவில் அடியைப் பிளந்துவிடும். பாய் விரிக்கும் முன் கையால் தடவிப் பாருங்கள்.

மெத்தென்று இருந்தால் நல்லது என்று ஸ்பாஞ்ச், தெர்மோகோல், பழைய கால்மிதி வைப்பவர்கள் உண்டு. அவை ஒரு மாதத்தில் அமுங்கி, இறுக்கிய நட்டு முழுதும் தளர்ந்துவிடும்.

"கொக்கி போல்ட்டே இல்ல. பட்டறையில செய்யச் சொல்ல என்ன அளவு கொடுக்கணும்?"

50 ஆம்பியர்-அவர் வரையுள்ள சின்ன பேட்டரிக்கு 6 மி.மீ. கம்பி போதும். அதற்கு மேல் 8 மி.மீ. தேவை. கொக்கி மாட்டும் துளையிலிருந்து பேட்டரியின் மேல் விளிம்புவரை அளந்து, 40 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். அதுதான் போல்ட்டின் நீளம். மேலே 50 மி.மீ. மரை வெட்டச் சொல்லுங்கள், 8 மி.மீ. கம்பிக்கு 1.25 மரை, 6 மி.மீ. கம்பிக்கு 1.0 மரை. கொக்கியின் வாய் திறந்த 'எல்' வடிவமாக இருந்தால் குலுங்கி நழுவும். 'ஜே' வடிவமாக முழுதும் வளைக்க வேண்டும். இரண்டு போல்ட்டும் நேர் செங்குத்தாக இழுக்க வேண்டும். சாய்வாக இழுத்தால் ஒரு பக்கம் மட்டும் அழுந்தும்.

மேல் பட்டைக்கு 25×25×3 மி.மீ. ஆங்கிள் நல்லது. வெறும் 25×3 பட்டை இறுக்கும்போது நடுவில் வளைந்து மூடியை அழுத்தும். பட்டை பேட்டரியின் அகலவாக்கில், மூன்றாவது மூடிக்கும் நான்காவது மூடிக்கும் இடையே போக வேண்டும். மூடிமேல் போனால் தண்ணீர் ஊற்றவே ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டியிருக்கும், பிறகு யாரும் திரும்ப இறுக்க மாட்டார்கள். இடம் இருந்தால், மேல் விளிம்பு நான்கையும் பிடிக்கும் சதுரச் சட்டம் இன்னும் நல்லது.

நட்டு விஷயத்தில், தட்டை வாஷர், அதன்மேல் ஸ்பிரிங் வாஷர், நட்டு, அதன்மேல் பூட்டு நட்டு என்று வரிசையாகப் போடுங்கள். ஜிங்க் முலாம் பூசிய போல்ட் பளபளப்பாக இருந்தாலும் ஆசிட் அந்த முலாமைத்தான் முதலில் கரைக்கும். எந்தப் போல்ட்டானாலும் மரையில் கிரீஸ் தடவி வையுங்கள்.

"எவ்வளவு இறுக்கணும்? நல்லா டைட்டா இறுக்கிட்டேன், பேட்டரி பக்கவாட்டுல உப்பின மாதிரி இருக்கு."

அது அதிகம். உடனே தளர்த்துங்கள். பேட்டரிப் பெட்டி பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். மேலிருந்து நசுக்கினால் பக்கச் சுவர் வெளியே தள்ளும், மேல் மூடி ஒட்டிய வரி பிளந்து ஆசிட் கசியும். இரண்டு நட்டையும் கையால் முடிந்தவரை சுற்றி, பிறகு ஸ்பேனரால் இருபக்கமும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்குங்கள். மொத்தம் அரை முதல் முக்கால் சுற்று போதும். 6 மி.மீ. நட்டுக்கு 10-ஆம் நம்பர் ஸ்பேனர், 8 மி.மீ. நட்டுக்கு 13. நீண்ட ராட்செட் வேண்டாம், கை தன்னை அறியாமல் இறுக்கிவிடும்.

ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டியபின் ரப்பர் பாய் கொஞ்சம் அமுங்கியிருக்கும். மறுபடி ஆட்டிப் பார்த்து, தேவையானால் கால் சுற்று இறுக்கி, பூட்டு நட்டை அப்போது போடுங்கள்.

"மேல போற பட்டை இரும்பாச்சே, ஷார்ட் ஆகாதா?"

அந்தப் பயம் சரியானதே. பட்டையும் கொக்கி போல்ட்டும் வண்டியின் உடம்போடு, அதாவது மைனஸ்ஸோடு சேர்ந்தவை. அதனால் பட்டையின்மேல் ரப்பர் ஹோஸைக் கீறி மாட்டுங்கள். போல்ட்டுகளுக்கு வீட்டு வயரிங் பைப்பில் ஒரு துண்டு வெட்டி உறையாகப் போடுங்கள். பிளஸ் முனைக்கு ரப்பர் தொப்பி கட்டாயம், கடையில் சொற்ப விலைதான். போல்ட்டின் மிச்ச மரை நட்டுக்கு மேல் 10 மி.மீ.க்கு அதிகமாக நீண்டிருந்தால் வெட்டிவிடுங்கள்.

பானட்டுக்கும் பிளஸ் முனைக்கும் இடைவெளி எவ்வளவு என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. மைனஸ்ஸைக் கழற்றிவிட்டு, பிளஸ் முனைமேல் பிசைந்த மாவையோ களிமண்ணையோ உருண்டையாக வைத்து, பானட்டை மெதுவாக மூடித் திறந்து, அமுங்கிய மாவின் கனத்தை அளங்கள். 20 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் அந்த இடத்தில் பானட்டின் உட்பக்கம் கனமான ரப்பர் ஷீட் ஒட்ட வேண்டும். பழைய வண்டிகளில் பானட் பூட்டு தேய்ந்து தகடே குதிக்கும், எனவே இந்த அளவில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

"புது பேட்டரி பழசைவிட குட்டையா இருக்கு. பட்டை எட்டவே மாட்டேங்குது."

ஜப்பானிய அளவுப் பேட்டரியை எடுத்துவிட்டு டின் (DIN) எனப்படும் ஐரோப்பிய அளவுப் பேட்டரி வைத்திருப்பீர்கள். என்எஸ்40 பேட்டரி சுமார் 197×129 மி.மீ., என்எஸ்60 238×129, என்எஸ்70 260×173, என்70 306×173. இவை முனையோடு சேர்த்து சுமார் 225 மி.மீ. உயரம். டின் வகை 175 மி.மீ. அகலம், 190 மி.மீ. உயரம்தான். 35 மி.மீ. வித்தியாசத்தில் பழைய போல்ட்டின் மரை தீர்ந்துவிடும். நட்டு நின்றுவிட்டதை 'இறுகிவிட்டது' என்று நினைத்துக்கொள்வது இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. டின் வகையில் அடியில் ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கீழிருந்தே பிடிக்கும் ஆப்புக் கிளாம்ப் தட்டில் துளையிட்டுப் போடுவது சரியான வழி. இல்லையென்றால் மேலே சொன்ன அளவு முறைப்படி புதிய கொக்கி போல்ட் செய்துகொள்ளுங்கள்.

அடி அளவு சின்னதாகித் தட்டில் இடைவெளி விழுந்தால், அதை அடைக்க மரக்கட்டை வேண்டாம், ஆசிட்டில் ஊறி இற்றுப்போகும். சமையலறையில் காய் வெட்டும் கனத்த பிளாஸ்டிக் பலகை ஆசிட்டைத் தாங்கும், ரம்பத்தால் வெட்டவும் எளிது. தேவையான அகலத்துக்கு வெட்டி, தட்டின் விளிம்புக்கும் பேட்டரிக்கும் நடுவே இறுக்கமாகச் செருகுங்கள்.

"அப்ப பெரிய பேட்டரி வச்சா நல்லா ஸ்டார்ட் ஆகும்ல?"

தட்டில் முழுதாக உட்கார்ந்தால் வைக்கலாம். விளிம்புக்கு வெளியே தொங்கினால் கூடாது. கனம் கூடக்கூடத் தட்டின் காலிலும் கொக்கியிலும் அடி கூடும். 15 கிலோவுக்குச் செய்த தட்டில் 24 கிலோவை ஏற்றினால் தட்டின் வெல்டிங் விரிசல் விடும். ஸ்டார்ட் ஆகாததற்குப் பேட்டரியின் அளவு அரிதாகத்தான் காரணம். பெரும்பாலும் முனையிலோ உடம்பு இணைப்பிலோ தளர்வுதான்.

வாங்கும்போது பிளஸ் எந்தப் பக்கம் என்றும் பார்த்து வாங்குங்கள். ஒரே அளவில் இடவலம் மாறிய இரண்டு வகை வரும். தவறிய வகை வந்தால் கேபிள் எட்டாது, எட்டினாலும் பிளஸ் பானட் ஓரத்துக்குப் போய்விடும்.

"கேபிள் கிளாம்ப்பை எவ்வளவு இறுக்கினாலும் முனையில சுத்துது. தட்டி இறக்கலாமா?"

தட்டாதீர்கள். சுத்தியல் அடி முனைக்கும் உள்ளே இருக்கும் பிளேட் இணைப்புக்கும் நேரடியாகப் போகும். கிளாம்ப் வாய் இரண்டும் ஒன்றையொன்று தொட்டும் சுற்றுகிறது என்றால் முனை மெலிந்தது என்று பொருள். சாதாரண முனைகளில் பிளஸ் அடியில் 19.5 மி.மீ., மைனஸ் 17.9 மி.மீ. சிறிய ஜப்பானிய அளவுகளில் வரும் மெல்லிய முனையோ பிளஸ் 14.7, மைனஸ் 13 மி.மீ.தான். பழைய கிளாம்ப் இதில் பிடிக்காது. மெல்லிய முனைமேல் போடும் ஈயப் புஷ் பேட்டரிக் கடையில் கிடைக்கும். ஆணி செருகுவது, கம்பி சுற்றுவது எல்லாம் சூடாகி முனையை உருக்கும்.

பிளஸ் தடித்தது, மைனஸ் மெலிந்தது என்பதால் கேபிள்களை மாற்றிப் போட்டாலும் இந்தத் தொல்லை வரும். இறுக்கும் முன் பேட்டரிமேல் பொறித்த குறியைப் பாருங்கள். கேபிளின் நிறத்தை நம்பாதீர்கள்.

"பேட்டரி ஆடல, ஆனா முனை மட்டும் அடிக்கடி தளர்ந்துபோகுது."

கேபிள் இழுக்கிறது. செல்ஃப் கேபிள் கனமானது. அதை எங்கும் பிடிக்காமல் தொங்கவிட்டால் அதன் ஆட்டம் முழுதும் முனையில் விழும். முனையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தூரத்துக்குள் ஒரு ரப்பர் உறைபோட்ட கிளிப்பால் கேபிளைச் சட்டத்தோடு பிடியுங்கள். முனைக்கும் கிளிப்புக்கும் நடுவே ஒரு சின்ன வளைவு தளர்வாக இருக்க வேண்டும். தகட்டைத் துளைத்துப்போகும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு நாளடைவில் உறையை அறுத்துவிடும்.

ஓடும்போது முனை ஒரு கணம் விட்டுப் பிடித்தால்கூட பேட்டரிக்கு சார்ஜ் போடும் ஆல்டர்நேட்டரின் வோல்டேஜ் சட்டென எகிறும். பல்பு, மீட்டர், ரெகுலேட்டர் அடுத்தடுத்துப் போகிற வண்டிகளில் இதை முதலில் சோதியுங்கள்.

"முனை அடிக்கடி பூத்துப்போகுது. வாரம் ஒரு தடவை சுடுதண்ணி ஊத்துறேன்."

சுடுதண்ணீர் பூப்பைக் கரைக்கும், காரணம் அப்படியே இருக்கும். மேலே சொன்ன மாதிரி பேட்டரியோ கேபிளோ ஆடினால் முனையின் அடியில் சீல் விட்டு ஆசிட் ஏறும். அடுத்த காரணம், தண்ணீரை அதிகம் ஊற்றுவது. டிஸ்டில்டு வாட்டர் பிளேட்டுக்கு மேல் 10 மி.மீ. நின்றால் போதும். கழுத்துவரை நிரப்பினால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் மூடித் துளை வழியாக வெளியே வரும்.

மூன்றாவது, அளவுக்கு மீறிய சார்ஜ். இன்ஜினை நடு வேகத்தில் ஓடவிட்டு முனைகளில் மீட்டர் வையுங்கள். 13.8 முதல் 14.5 வரை சரி. 15-ஐத் தொட்டால் ரெகுலேட்டர் பழுது, பேட்டரி கொதித்து ஆவியை வெளியே தள்ளுகிறது. மூன்றும் சரியானபின் சோடாத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, கழுவி, இறுக்கி, அதன்பிறகு வாஸ்லின் தடவுங்கள். இறுக்கும் முன் தடவக் கூடாது, இணைப்புக்கு நடுவே படலமாக நிற்கும்.

"மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரிதான் போட்டிருக்கேன். அதுக்கும் இதெல்லாம் வேணுமா?"

வேண்டும். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, அவ்வளவுதான். உள்ளே அதே ஈயமும் அதே ஆசிட்டும். பக்கவாட்டில் ஒரு சின்ன வாயுத் துளை இருக்கும், அதைப் பலகைத் துண்டாலோ ரப்பராலோ அடைத்துவிடாதீர்கள். கண்ணாடி இழைப் பாயில் ஆசிட்டை உறிஞ்சி வைத்த ஏஜிஎம் வகை அதிர்வை நன்றாகத் தாங்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். அதையும் இறுக்கித்தான் வைக்க வேண்டும்.

"எங்ககிட்ட ஒத்த சிலிண்டர் வண்டி. எல்லாத்தையும் சரியா செஞ்சும் நட்டு கழண்டுபோகுது."

மஹிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 போன்ற ஒற்றை சிலிண்டர் வண்டிகளின் அதிர்வு, மிட்சுபிஷி சக்தி எம்டி 180டி போன்ற மூன்று சிலிண்டர் வண்டியின் அதிர்விலிருந்து வேறுபட்டது. ஒற்றை சிலிண்டரில் மெது ஓட்டத்தில் நிற்கும்போதே சட்டம் முழுதும் தட்டித் தட்டி அதிரும். நட்டு கழல்வதற்குக் குதிப்பைவிட இந்த ஓயாத அதிர்வே காரணம். ஸ்பிரிங் வாஷர் மட்டும் போதாது, பூட்டு நட்டும் சேர வேண்டும். ஆசிட் படும் இடமாகையால் நைலான் வளையம் உள்ள நட்டைவிட இரண்டு நட்டு முறையே நம்பகமானது.

தட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். பேட்டரி தட்டோடு இறுகியிருந்தும் தட்டே ஆடினால் எல்லாம் வீண். அந்தப் போல்ட்டுகளின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் பெரிய வாஷர் போட்டு மறைக்காமல், துளையை அடைத்து வெல்டிங் செய்து புதிதாகத் துளையிடுங்கள். ரேடியேட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளியாவது இருக்க வேண்டும். காற்றுப் போக வழி வேண்டும், ஆட்டத்தில் பேட்டரி மூலை ரேடியேட்டர் பின்னலைக் குத்தவும் கூடாது.

"எத்தனை நாளைக்கு ஒருமுறை பாக்கணும்?"

50 மணி நேரத்துக்கு ஒருமுறை, கிரீஸ் அடிக்கும் நாளில் ஆட்டிப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டித் தொழியடிக்கும் (சேற்றுழவு) பருவத்துக்கு முன்னும் பின்னும் கட்டாயம் பாருங்கள். கல்லு ரோட்டில் டிரெய்லர் இழுக்கும் வண்டி என்றால் வாரம் ஒருமுறை. சேற்று வேலை முடிந்தபின் தட்டின் வடிகால் துளையைக் குச்சியால் குத்தி விடுங்கள், காய்ந்த சேறு அடைத்துக்கொண்டிருக்கும்.

"வயல்ல நிறுத்திட்டு வந்தா பேட்டரியைக் கழட்டிட்டுப் போயிடுறாங்க. பூட்டு போடலாமா?"

போடலாம். மேல் சட்டத்தில் ஒரு கொண்டி வெல்டிங் செய்து, நட்டை மறைக்கும்படி பூட்டைத் தொங்கவிடலாம். பூட்டு மைனஸ் பக்கம் இருக்க வேண்டும், ஆடினாலும் பிளஸ்ஸுக்கு எட்டக் கூடாது. மைனஸ் கேபிளை மட்டும் எந்தப் பூட்டும் மறைக்காமல் விடுங்கள். வயர் புகைந்தால் சாவி தேடிக்கொண்டிருக்க முடியாது. தலை முறிந்து வழுவழுப்பாகிவிடும் போல்ட்டைச் சிலர் பரிந்துரைப்பார்கள். ஒருமுறை போட்டால் அடுத்த பேட்டரி மாற்ற வெட்டி எடுக்க வேண்டும், பராமரிப்பு நின்றுபோகும். எங்களுக்கு அது உடன்பாடில்லை.

மைனஸ் கேபிளில் கட் ஆஃப் சுவிட்ச் போட்டால் திருட்டைத் தடுக்காது, நிறுத்தி வைத்த வண்டியில் மின்கசிவையும் தீயையும் தடுக்கும். செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தாங்கும் சுவிட்சாக வாங்குங்கள். இன்ஜின் ஓடும்போது அதைத் திருப்பக் கூடாது, காரணம் முனை விட்டுப் பிடிப்பதைப் பற்றி மேலே சொன்னதேதான். பேட்டரியில் பொறித்த வரிசை எண்ணை வாரண்டி அட்டையோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள், புகார் கொடுக்க அது தேவைப்படும்.

"தட்டுல ஒரு காது மட்டும் விட்டுருச்சு. பேட்டரியை எடுக்காமலே ஒரு பொட்டு வெல்டிங் வச்சுக்கலாமா?"

கூடவே கூடாது. இரண்டு கேபிளையும் கழற்றி, பேட்டரியை வண்டியைவிட்டே சில மீட்டர் தள்ளி வையுங்கள். ஹைட்ரஜன் இருக்கும் பெட்டிமேல் பொறி பறப்பது வெடிப்பை விலைகொடுத்து வாங்குவது. பேட்டரியை எடுத்த பிறகும் ஆல்டர்நேட்டர் இணைப்பைக் கழற்றிவிட்டு, வெல்டிங் எர்த்தைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள். எர்த்தை வண்டியின் பின்னால் மாட்டினால் மின்சாரம் பேரிங், வயரிங் வழியாகத் தேடிப்போகும். முதலில் தட்டைச் சோடாத் தண்ணீரில் கழுவிக் காயவைக்கவும் மறக்காதீர்கள்.

"வண்டி வாய்க்கால்ல சாஞ்சுருச்சு. பேட்டரி தட்டுலயே இருக்கு, ஆனா ஆசிட் கொட்டியிருக்கு. தண்ணி ஊத்தி ஓட்டலாமா?"

முதலில் இன்ஜின் நின்றிருக்கிறதா என்று பார்த்து, எட்டினால் மைனஸ்ஸைக் கழற்றுங்கள். வண்டியை நிமிர்த்தியபின் கையுறை, கண்ணாடியோடு பேட்டரியை வெளியே எடுத்து, பெட்டியில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் இருந்தால் பசை வைத்து ஒட்ட வேண்டாம். விற்ற கடையிலேயே கொடுத்துவிடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரி சாதாரணக் குப்பைக்கோ, அனுமதியில்லாமல் உடைத்து ஈயம் எடுப்பவரிடமோ போகக் கூடாது.

விரிசல் இல்லை, ஆசிட் மட்டும் கொட்டியது என்றால், குறைந்த இடத்தை வெறும் தண்ணீரால் நிரப்புவது தவறு. ஆவியாகப் போகும்போது தண்ணீர் மட்டும்தான் குறைகிறது, அதற்குத் தண்ணீர் ஊற்றலாம். கொட்டும்போது ஆசிட்டும் சேர்ந்து போகிறது, தண்ணீர் ஊற்றினால் கலவை நீர்த்துவிடும். பேட்டரிக் கடையில் கலந்து வைத்த ஆசிட்டை ஊற்றி, சார்ஜ் முழுதாக ஏற்றி, ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஆறு அறையிலும் அளக்கச் சொல்லுங்கள். 1.250-க்கும் 1.280-க்கும் நடுவே, அறைக்கு அறை 0.030-க்கு மேல் வித்தியாசம் இல்லாமல் வந்தால் மறுபடி மாட்டலாம். ஒரு அறை மட்டும் பின்தங்கினால் அந்தப் பேட்டரியை நம்பிச் சேற்றில் இறங்காதீர்கள். தட்டு, ரேடியேட்டர் அடிப்பாகம், முன் ஆக்சில், வயர் என்று ஆசிட் வழிந்த பாதை முழுதையும் அன்றைக்கே சோடாத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பெயின்ட் உரிந்து துரு கிளம்பியிருக்கும்.